படலில் ஒரு மாட்டு மணி: கொங்குத் தோட்டம் ஒன்றில் ஆடை குறைத்த வாழ்க்கை

மாமாவின் தோட்டத்துக்குள் போக வேண்டுமானால் முதலில் மணி அடிக்க வேண்டும். இட்டேரி, அதாவது இரு பக்கமும் வேலி வைத்த வண்டிப்பாதை, முடிகிற இடத்தில் ஒரு மூங்கில் படல். அதன் மேல் கம்பில் வெண்கல மாட்டு மணி ஒன்று, மணியிலிருந்து தொங்கும் நைலான் கயிறு. மூன்று முறை இழுத்துவிட்டு நிற்க வேண்டும். உள்ளேயிருந்து "வரலாமுங்" என்று குரல் வந்த பிறகுதான் படலைத் தள்ளலாம். சில நாள் குரல் உடனே வரும். சில நாள் ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் அவர் வேட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறு ஏக்கர். அதில் பாதி கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு, மீதியில் தென்னையும் முருங்கையும் கொஞ்சம் சோளத்தட்டும். மாமாவுக்கு 61 வயது, அத்தைக்கு 55. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாமா பத்து வருடத்துக்கும் மேலாக, வேலிக்குள் இருக்கும்வரை கோவணத்தோடுதான் இருக்கிறார். விடியற்காலையிலும் கிணற்றடியிலும் அதுவும் கிடையாது.

எளிய வாழ்க்கை, தற்சார்பு என்று பேசுகிற நண்பர்கள் சிலர் இந்தத் தோட்டத்தைக் கேள்விப்பட்டு, "இதுதான் முழுமையான இயற்கை வாழ்வு" என்று கொண்டாடத் தொடங்கினார்கள். ஊருக்குள் வேறு விதமாகப் பேசினார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் 14 மாதம், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை போய்த் தங்கி, நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். அவர் எனக்குத் தாய்மாமன். எழுதுகிறவன் சொந்தக்காரன் என்பதைப் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் வெளிநாடு, துணி உள்ளூர்

ஆடையில்லாமல் இயற்கையோடு இருப்பதற்கு ஐரோப்பாவில் நேச்சரிசம் என்று பெயர். ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. ஆலைப் புகைக்கும் நெரிசலுக்கும் மாற்றாக வெயில், காற்று, குளியல், எளிய உணவு என்று போனவர்கள் அவர்கள். ஹார்ட்ஸ் மலையில் அடால்ஃப் ஜஸ்ட் என்பவர் இதற்காகவே ஒரு நலவாழ்வு இல்லம் நடத்தினார். மண்பட்டி வைத்தியத்தை காந்தி கற்றுக்கொண்டது இந்த ஜஸ்டின் எழுத்திலிருந்துதான். ஆனால் முதல் நேச்சரிஸ்ட் சங்கம் என்று பொதுவாகக் குறிக்கப்படுவது ஜெர்மனியில் தொடங்கியதல்ல, நம் நாட்டில்தான். 1891-ல் பம்பாய் மாகாணத்துத் தானேயில், சார்லஸ் கிராஃபோர்டு என்ற ஆங்கிலேய நீதிபதி தொடங்கினார். மொத்த உறுப்பினர் மூன்று பேர்.

அந்த மூன்று பேர் கூட்டம் போட்டு, விதிமுறை எழுதி, சட்டையைக் கழற்றிய அதே காலத்தில் கொங்கு நாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்கள் ஒரு சங்கமும் இல்லாமல் கோவணத்தோடு கவலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கவலை இறைப்பு என்பது மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது, கோழி கூப்பிடும் முன்பே தொடங்குகிற வேலை. வாரிப் பள்ளத்தில் மாட்டோடு முன்னும் பின்னும் போய்வர வேண்டும். பறியிலிருந்து தண்ணீர் சிதறும். வேட்டி கட்டினால் காலைத் தடுக்கும். என் அப்புச்சியை, அம்மாவின் அப்பாவை, நான் வேட்டியில் பார்த்தது நோம்பிக்கும் கல்யாணத்துக்கும்தான். மற்ற நாளெல்லாம் ஒரு கோவணம், தலையில் உருமாலை. பம்புசெட் வந்தது, கவலை போனது. கவலை போன பிறகு கோவணத்துக்கும் வேலையில்லை. பொத்தானை அமுக்கப் போகிறவனுக்கு லுங்கி போதும். கிணறு வற்றியவர்கள் திருப்பூருக்கு பனியன் தைக்கப் போனார்கள். ஒரே தலைமுறையில் கோவணம் கட்டிய வீட்டுப் பிள்ளைகள் ஊர் உலகத்துக்கெல்லாம் ஜட்டி தைத்து அனுப்புகிறவர்கள் ஆனார்கள். என் மாமாவும் அதில் ஒருவர்.

சாயப்பட்டறைக்காரர்

இருபது வருடத்துக்கும் மேல் திருப்பூரில் சாயப்பட்டறை வேலை. கடைசியில் டையிங் மாஸ்டர். பழைய வின்ச் இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்குச் சாயம் ஏற்றி அலசி எடுக்க நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் போன காலம் அது. போன தண்ணீரெல்லாம் நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் நின்றது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய அணை, சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. மாமா வேலை பார்த்த இடமும் நின்றது. முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தை இன்றுவரை தரவில்லை. அந்த ஆளின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது மாமாவுக்கு இடுப்பைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் போட்டுப் போட்டு, போட்டால் அடங்கி, விட்டால் இரண்டு மடங்காகப் பரவுகிற நிலைமை. கோயம்புத்தூரில் தோல் மருத்துவர் ஒருவர் களிம்பை நிறுத்தச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே, "வேர்வை தங்காமப் பாத்துக்கங்க, இறுக்கமான உள்ளாடை வேண்டாம்" என்றாராம். மாமா அந்த இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் பனியன் போனது. அப்புறம் எலாஸ்டிக் வைத்த எதுவும். அப்புறம் லுங்கி. அப்புச்சியின் பெட்டியிலிருந்து பழைய வேட்டியை எடுத்து நீளமாகக் கிழித்துக் கோவணம் கட்டிக்கொண்டார். ஆறு மாதத்தில் தோல் சுத்தமானது. "வெயிலும் காத்தும் பட்டுத்தான் போச்சு" என்பது அவர் கட்சி. "எட்டு வாரம் தவறாம மாத்திரை எடுத்துக் கொடுத்தது நானு" என்பது அத்தையின் கட்சி. என் கணக்கில் அத்தைக்குத்தான் கூடுதல் மதிப்பெண்.

கோவணத்தையும் விடும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மாமா ஒரு ஜெர்மன்காரரைச் சொல்வார். தொண்ணூறுகளில் சரக்கின் தரம் பார்க்க வந்தவர். ஒரு நாள் சாப்பிடும்போது, தன் ஊர்ப் பக்கத்தில் ஓர் ஏரி இருப்பதையும், கோடையில் குடும்பம் குடும்பமாக ஒட்டுத்துணி இல்லாமல் குளிப்பதையும், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்காததையும் சொல்லியிருக்கிறார். மாமா அதை அன்று நம்பவில்லை. "நம்மகிட்ட லட்சக்கணக்குல ஜட்டி வாங்கி விக்கறவன், லீவு உட்டா அதையுங் கழட்டிப் போட்டுட்டு ஏரியில நிக்கறானாமா" என்று பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார். பதினைந்து வருடம் கழித்து, ஒரு விடியற்காலையில் கிணற்றுத் தொட்டியில் குளித்துவிட்டுத் துண்டை எடுக்கப் போனபோது அந்த ஆள் ஞாபகம் வந்ததாம். துண்டு எடுக்காமலே மாட்டுக்குத் தட்டுப் போடப் போய்விட்டார்.

கயிறில்லாத இடுப்பு

நான் ஒரு நாள் முயன்று பார்த்தேன். முழுசாக அல்ல, கோவணம் மட்டும்.

கோவணம் கட்டுவது பார்க்கத்தான் சுலபம். துணியின் ஒரு தலைப்பை முன்னால் அரைஞாண் கயிற்றில் செருகி, மடித்துத் தொங்கவிட்டு, மறு தலைப்பைக் காலிடுக்கில் கொண்டுபோய்ப் பின்னால் அதே கயிற்றில் இழுத்துச் செருக வேண்டும். எல்லா பாரமும் அந்தக் கயிற்றில்தான் நிற்கிறது. என்னிடம் அரைஞாண் கயிறு இல்லை. காலேஜ் ஹாஸ்டலில் அறுத்து எறிந்தது. மாமா என் இடுப்பை ஏதோ அங்கஹீனம் போலப் பார்த்துவிட்டு, மாட்டுக் கட்டுத்தறியிலிருந்து ஒரு தேங்காய் நார்க் கயிற்றைக் கொண்டுவந்து கட்டினார். பத்து நிமிடத்தில் அரிப்பு. அரை மணியில் சிவந்து தடித்துவிட்டது. குனிந்து தட்டு அறுக்கும்போது பின் தலைப்பு நழுவியது. தோட்டத்தில் மாமாவையும் ஒரு ஓணானையும் தவிர யாரும் இல்லை. ஆனாலும் நான் பதறிய பதற்றம் இருக்கிறதே, ஏதோ பஸ் ஸ்டாண்டில் நிற்பது போல.

பத்து மணிக்குத் தோள்பட்டை எரிந்தது. மாமா அதற்குள் வேலையை முடித்து ஓட்டுச்சாளைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் கவனித்தேன்: அவர் வெயிலில் நிற்பதே இல்லை. காலை நாலரைக்கு எழுந்து எட்டரைக்குள் வெளிவேலை எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் நிழல் வேலை: கயிறு திரிப்பது, மட்டை கிழிப்பது, தூக்கம். மறுபடி நாலரைக்குத்தான் காட்டுக்குள் இறங்குகிறார். சட்டை இல்லாத உடம்புக்கு உச்சிவெயிலில் வேலையில்லை என்பதை அவர் தோல் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அப்புச்சி காலத்துக் கவலைக்காரர்களின் நேரமும் ஏறக்குறைய இதுதான்.

இதனால் ஒரு வாதம் அடிபட்டுப் போகிறது. நேச்சரிசம் பேசும் நண்பர்கள் முதலில் எடுப்பது வைட்டமின் டி. அது தோலில் உருவாக புற ஊதா பி கதிர் வேண்டும். அந்தக் கதிர் நன்றாக இறங்குவது முற்பகல் பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை. மாமா உடம்பைக் காட்டும் நேரத்தில் அது சொற்பம். அவர் உட்கார்ந்திருக்கும் திண்ணையிலோ இன்னும் குறைவு. "ஆதவன் குடுக்கற சத்து" என்று மாமா சொல்லும்போது நான் தலையாட்டினேன். நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

மருந்தும் மேலும்

கொங்கில் உடம்பை 'மேலு' என்பார்கள். மேலு காய்ச்சல், மேலு வலி. மாமாவின் விவசாயம் மாறியது அந்த மேலினால்தான், கொள்கையினால் அல்ல. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த உருப்படியான விஷயம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்த முதல் வருடங்களில் மக்காச்சோளம் போட்டார். 2018-ல் படைப்புழு வந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு குருத்துக்குக் குருத்து மருந்து ஊற்றியது. மாமாவும் வாங்கிவந்து கலக்கினார், கோவணத்தோடு. டேங்க்கின் மூடி சரியாக மூடவில்லை. முதுகு வழியாக இடுப்பு வரை வழிந்திருக்கிறது. அன்று இரவு வாந்தி, தலைசுற்றல். தாராபுரத்தில் ஒரு நாள் பெட்டில் போட்டார்கள்.

தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. முன்கையை விட இடுப்புக்குக் கீழே, தொடையிடுக்கில், பூச்சிமருந்து பல மடங்கு உள்ளே போகும். ஈரக் கோவணம் மருந்தை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர்களில் வெறும் உடம்போடு மருந்து அடிப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை என்பதுதான் பயங்கரம். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி என்று டப்பாவில் எழுதியிருப்பதை வைகாசி வெயிலில் யார் போடுவார்கள்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாமாவின் முன் இரண்டு வழி இருந்தது. உடம்பை மூடிக்கொண்டு மருந்தடிப்பது ஒன்று. மருந்தை விட்டுவிட்டு இப்படியே இருப்பது இன்னொன்று. அவர் மக்காச்சோளத்தை விட்டார். மூன்று ஏக்கர் மறுபடி கொறங்காடு ஆனது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் அங்கங்கே வெள்வேல். காங்கேயம் மாட்டுக்காக இந்தப் பக்கத்தார் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த மேய்ச்சல் காடு அதுதான். உழவு, உரம், மருந்து எதுவும் கேட்காது. நான்கு மாடும் பன்னிரண்டு ஆடும் அதில் பிழைக்கின்றன. வருமானம் மக்காச்சோளக் காலத்தை விடக் குறைவு. செலவு அதைவிடக் குறைவு. கடன் இல்லை.

மற்ற பாடங்களையும் மேல்தான் நடத்தியது. பார்த்தீனியம் உரசினால் சிலருக்குத் தோல் வெடிக்கும். மாமாவுக்கு முழங்கால் வரை கொப்புளம் வந்தது. அதனால் தோட்டத்தில் ஒரு பார்த்தீனியச் செடி பூக்க முடியாது, கண்ணில் பட்டதும் மண்வெட்டி இறங்கும். மழைக்குப் பின் முருங்கையில் கம்பளிப்பூச்சி கூட்டமாக ஒட்டியிருக்கும். அந்த மாதங்களில் அந்தப் பக்கம் போனால் முழுக்கைச் சட்டைதான். தென்னந்தோப்பு இன்னொரு தொல்லை. 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சுருள் வெள்ளை ஈ இங்கும் வந்துவிட்டது. ஓலைக்கு அடியில் இருந்து அது சொரியும் தேன் போன்ற பிசுக்கு கீழே நிற்பவர் தோளில் விழுகிறது, அதன்மேல் தூசி, அதன்மேல் எறும்பு. "சட்ட போட்டவனுக்கு ஓலை கருத்தாத்தான் தெரியும். எனக்கு விழுகறப்பவே தெரிஞ்சிரும்" என்றார். அந்த ஈ வந்ததைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு முதலில் சொன்னது இவர்தான் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரே ஒப்புக்கொண்டார்.

மிச்சம் எவ்வளவு

துணியில் என்ன மிச்சமாகிறது என்று கேட்பவர்களுக்கு: பெரிதாக ஒன்றும் இல்லை. மாமாவிடம் நான்கு கோவணம், மூன்று வேட்டி, இரண்டு துண்டு, ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு கல்யாணச் சட்டை. வாஷிங் மெஷினை விற்றுவிட்டார்கள். அவர் துணிக்கு வாரம் ஒரு பக்கெட் போதும். முன்பு துவைத்ததோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் தண்ணீர், கோடையில் ஒரு தென்னை மரம் ஒரு நாளில் குடிக்கும் அளவுதான். ஒரு டீ-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று உலக இயற்கை நிதியத்தின் பெயரில் ஒரு கணக்கு சுற்றுகிறது. அந்தக் கணக்கில் பெரும்பகுதி பருத்திக் காட்டில் போவது. மாமா எந்தக் காலத்திலும் டீ-ஷர்ட் காசு கொடுத்து வாங்கியதில்லை, பட்டறையில் ஒதுக்கிய செகண்ட்ஸ்தான் போட்டார். வாங்காததை வாங்காமல் விட்டதில் என்ன லாபம்? உண்மையான மிச்சம் பூச்சிமருந்துக் கடை பாக்கியில்தான் இருக்கிறது.

காற்றாலைக்காரர்

வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் மேலிருந்து பார்ப்பவருக்கு வேலி கிடையாது. இந்தப் பகுதி முழுக்கக் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றை நம்பி நட்டவை. ஒருமுறை பழுது பார்க்க ஏறியவர்களில் யாரோ மேலிருந்து செல்போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். படத்தில் இருந்தது ஒரு புள்ளியளவு மனிதன். அது யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து பேசினார்கள். மாமா பழனியாண்டவரை இழுத்தார். "மலை மேல கோமணத்தோட நிக்கறான், வரிசையில நின்னு காசு குடுத்துப் பாக்கறீங்க. நான் எங் காட்டுக்குள்ள நின்னா மானம் போகுதுங்களா?" வந்தவர்களில் மூத்தவர் அசரவில்லை. "அவன் மாம்பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு நிக்கறான் மாப்ள. நீ எதுக்கு நிக்கற?" என்றார். இதற்கு மாமாவிடம் பதில் இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாகும்படி ஆபாசமான செயல் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 296-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலைக்கு முன் இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294. தனியார் தோட்டத்துக்குள், பார்வைக்கு மறைவாக இருப்பது வேறு விஷயம். ஆனால் இட்டேரியில் போகிறவர் கண்ணில் பட்டு அவர் புகார் கொடுத்தால், எது பொது இடம் என்ற விவாதத்தை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துதான் நடத்த வேண்டியிருக்கும். அதன் பிறகுதான் படலில் மணி ஏறியது. கிளுவைக்குப் பின்னால் அகத்தியும் நெருக்கமாக நட்டார்கள். பேரப்பிள்ளைகள் வருகிற நாட்களில் காலை முதல் இரவு வரை வேட்டி, இதில் விலக்கு இல்லை.

சட்டை கழற்றாதவர்

வாரம் இரண்டு நாள் கட்டுத்தறி வேலைக்கும் வேலி கட்டவும் ஒருவர் வருகிறார். ஊருக்குக் கிழக்கே தலித் மக்கள் குடியிருக்கும் வளவைச் சேர்ந்தவர். மாமா வயதுதான் இருக்கும். முழுக்கைச் சட்டை, பேன்ட், சட்டைப்பையில் பேனா. உச்சிவெயிலில் வேலி முள் வெட்டும்போதுகூடச் சட்டையின் மேல் பொத்தானைத் திறக்க மாட்டார்.

என் நோட்டில் ஆறாவது மாதக் குறிப்பு ஒன்று இருக்கிறது. "மணி. உடனே குரல்: 'வா'. மாமா கோவணத்தில்." அதற்குக் கீழே அதே போல இன்னும் மூன்று குறிப்பு. தாலுகா ஆபீஸ்காரர் வந்தால் ஐந்து நிமிடம். ஒரம்பரை (உறவினர்) வந்தால் ஐந்து நிமிடம். பால்காரப் பையன் வந்தால்கூட இரண்டு நிமிடம். இவருக்கு மட்டும் ஒரு விநாடியும் இல்லை. இவர் பார்த்தால் அது பார்வையே இல்லை என்பது போல. எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை. வரிசையாகப் படித்தபோதுதான் உறைத்தது.

ஒரு நாள் டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன், "ஏனுங்கய்யா, இந்த வெயில்ல சட்டையக் கழட்டி வெச்சுட்டு வேலை செய்யலாமல்லங்க?"

"வேண்டாமுங் தம்பி" என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "எங்கப்பன் இதே வாசல்ல தோள்ல இருக்கற துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் நின்னாரு. சட்ட போட்டா என்னடா தொரைம்பாங்க. நாஞ் சட்ட போட்டுக்கிட்டு இந்தப் படலத் தாண்டறதுக்கு எத்தன வருசம் ஆச்சுன்னு உங்க மாமனுக்குத் தெரியுமுங். இப்ப அவரு கழட்டறாரு. கழட்டட்டுமுங், அவரு காடு. எனக்கு இது போட்டது போட்டபடி இருக்கட்டும்."

பன்னாட்டு இயற்கைவாதக் கூட்டமைப்பு 1974-ல் பிரான்சின் கேப் தாக்தில் கூடி நேச்சரிசத்துக்கு ஒரு வரையறை வகுத்தது. இயற்கையோடு இசைந்த வாழ்க்கை, கூடி ஆடையின்றி இருக்கும் வழக்கம். அதன் வழியாகத் தன்னையும் பிறரையும் சுற்றுச்சூழலையும் மதிப்பது. மாமா தனியாக இருப்பவர், எனவே 'கூடி' என்ற சொல்லிலேயே தோற்றுவிடுகிறார். அது பரவாயில்லை. 'பிறரை' என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. ஆடை குறைப்பது எளிமை என்று நாங்கள், நிலமும் வேலியும் உள்ள சாதிக்காரர்கள், சொல்லிக்கொள்ளலாம். குறைந்த ஆடை யார் மேலே திணிக்கப்பட்டதோ அவர்களுக்கு முழுக்கைச் சட்டைதான் விடுதலை. தற்சார்பு பேசும் என் நண்பர்கள் இந்தத் தோட்டத்தைப் பற்றிப் போட்ட எந்தப் படத்திலும் இவர் இல்லை.

நோட்டுக் குறிப்பை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் அந்த முழுக்கைச் சட்டைக்காரர் மணி அடித்தபோது உள்ளேயிருந்து குரல் வர நேரமானது. "வரலாமுங்" என்று வந்தது.

அத்தை

அத்தை சேலைதான் கட்டுகிறார். பகலில் வீட்டுக்குள் நைட்டி. மாமாவின் வழக்கத்துக்கு அவர் எதிர்ப்பும் இல்லை, ஆதரவும் இல்லை. ஊர்க்காரர்கள் மாமாவைக் கேட்காத கேள்வியையெல்லாம் இவரிடம் கேட்கிறார்கள். ஒரு சீர் வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து இலைக்காரி குனிந்து "எப்படித்தானுங்க இருக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். பாதி இலையில் எழுந்து வந்துவிட்டார்.

"உங்க மாமன் துணியக் கழட்டினா சாமியாராட்டன்னு நாலு பேரு சொல்வாங்க கண்ணு. நாங் கழட்டினா என்ன சொல்வாங்க?" என்றார். "எங்காத்தா ரவிக்கை போட்டதே இல்ல. வெள்ளச் சீலைய ஒத்தச் சுத்துல போட்டுக்கிட்டு களை வெட்டப் போகும். ஒருத்தரும் ஒண்ணுஞ் சொன்னதில்ல. நாங் கல்யாணமாகி வந்தப்ப ரவிக்கைல கொக்கி ஒண்ணு அவுந்திருந்ததுக்கு உங்க அப்புச்சி ஒரு வாரம் பேசுனாரு. கோமணத்தோட உக்காந்துக்கிட்டுப் பேசுனாரு."

உடுமலைப் பக்கம் திருமூர்த்தி மலைக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டார். அங்கே சாமியின் பெயரே அமணலிங்கேஸ்வரர். அம்மணம் என்ற சொல்லும் அமணர் என்ற சொல்லும் ஒரே வேரில் இருப்பதாகச் சொல்வார்கள். சமணம் இருந்த நாடு இது, விஜயமங்கலத்தில் இன்றும் தீர்த்தங்கரர் கோவில் இருக்கிறது. அத்தைக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. அவர் சொல்ல வந்தது தலபுராணக் கதை. "மூணு சாமியும் வந்து அனுசூயாகிட்ட, அம்மணமா வந்து சோறு போடுன்னாங்களாமா. அவ என்ன செஞ்சா? மூணு பேரையுங் கைக்கொழந்தையாக்கிப் போட்டு, அப்பறம் ஊட்டினா. மொதல்ல பாக்கறவங் கண்ண மாத்தோணும் கண்ணு. துணி அப்பறம்."

அத்தைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வீட்டுக்குள் இருக்கும் குளியலறை தகரக் கூரை போட்டது, சித்திரையில் அடுப்பு. வானம் தெரிகிற மாதிரி, யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு பொடக்காளி. மாமா வேலிக்குள் ஆறு ஏக்கரிலும் திரிந்துகொண்டிருந்த இத்தனை வருடத்தில் அது கட்டப்படவே இல்லை. இந்த ஆய்வின் கடைசி மாதத்தில்தான் நடந்தது. கிணற்றுத் தொட்டியைச் சுற்றித் தென்னந்தட்டி மூன்று அடுக்கு, ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு முழம். காற்றாலை இருக்கும் திசையில் மட்டும் சாய்வாக ஒரு பந்தல். உள்ளே துவைக்கிற கல்லும் ஒரு முக்காலியும். கட்டியது மாமாவும் அந்த முழுக்கைச் சட்டைக்காரரும். கதவுக்கு உள்பக்கத்தில் கொண்டி.

பொழுது சாயும் நேரத்தில் அத்தை ஒரு மணி நேரம் உள்ளே இருக்கிறார். குளிக்கிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. தட்டிக்கு வெளியே ஒரு சின்ன மணி கட்டியிருக்கிறார்கள், கன்றுக்குட்டிக் கழுத்தில் கட்டுவது. போன வாரம் நான் போனபோது மாமா அதை இரண்டு முறை ஆட்டிவிட்டு, கையில் சீப்போடு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து இன்னும் குரல் வரவில்லை.